ஒப்புதலும் குறைக்காத 5 ஆண்டு



அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்கு, குற்றத்தின் கடுமையை எண்ணால் அளக்கும் தண்டனை நெறிமுறைகளின்படி இரண்டு அல்லது மூன்று படிகள் குறைக்கப்படலாம். ஆனால் போதைப்பொருள் விற்பனைக்குத் துணையாகத் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்குரிய குறைந்தபட்ச 5 ஆண்டுச் சிறையை, அதாவது மற்ற தண்டனையோடு சேர்ந்து கழியாமல் அதன்மேல் கூடும் காலத்தை, அச்சலுகை தொடுவதே இல்லை. சரக்கு கிடந்த இழுப்பறையிலேயே இருந்து ஒருமுறையும் சுடப்படாத துப்பாக்கியும் இதில் அடங்கக்கூடும். குற்றவாளி விசாரணைக்குக் கணிசமாக உதவினார் என்று அரசுத் தரப்பே மனுச் செய்தாலன்றி நீதிபதி அதற்குக் கீழே இறங்க இயலாது என்பதால், எந்தக் குற்றச்சாட்டைச் சேர்ப்பது, எதைக் கைவிடுவது என்ற பேரத்தில் தண்டனையைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் அரசு வழக்கறிஞரே. இது நீதிக்கு நேர்ந்த பெருங்குறை. ஒரே வழக்கின் இரண்டாவது துப்பாக்கிக் குற்றச்சாட்டுக்கு 25 ஆண்டு கூட்டிய கொடுமையை 2018ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. முதல் 5 ஆண்டையும் குறைக்கும் உரிமை நீதிபதிக்குக் கிடைத்தாக வேண்டும்.