சனிக்கிழமைத் தச்சர்கள்

பிரிட்டனில் ஓய்வுநாட்களில் பட்டறைக்குப் போய், ஒரு பைசா வாங்காமல், நூறு வருடத்துப் பழைய ரயில்பெட்டிகளைப் பழுதுபார்த்து மறுபடி ஓடவைக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் இலக்கிய நண்பர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, 'பென்ஷன் வாங்குகிற கிழவர்களின் பொம்மை விளையாட்டு.' இரண்டு, 'காலனியக் காலத்துக்கான ஏக்கம், வேறென்ன?' முதல் பதில் தப்பு. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனா இரண்டுக்கும் ஒரே பயன்தான்: நம்மூரில் ஏன் இப்படி ஒரு பட்டறை இல்லை என்ற கேள்வியிலிருந்து நாம் தப்பித்துக்கொள்ளலாம்.

முதலில் கிழவர்கள் விஷயம். வேல்ஸில் டாலிலின் என்ற குறும்பாதை ரயில். 1860களில் ஸ்லேட் கல் சுமக்கப் போட்டது. 1950-இல் அதன் முதலாளி இறந்தபோது மூடியிருக்க வேண்டியது. அந்த அக்டோபரில் எல்.டி.சி. ரோல்ட் பர்மிங்ஹாமில் ஒரு கூட்டம் கூட்டினார். அவர் எழுத்தாளர், பட்டறையில் தொழில் பழகிய பொறியாளரும்கூட. அப்போது வயது நாற்பது. 1951 மே மாதம் தன்னார்வலர்கள் ரயிலை ஓட்டிவிட்டார்கள். தன்னார்வலர்கள் காப்பாற்றி ஓட்டிய உலகின் முதல் ரயில்பாதை அதுதான். அடுத்து சசெக்ஸின் புளூபெல். 1958-இல் அரசு மூடிய பாதை. 1959-இல் அதைக் காப்பாற்றக் கிளம்பியவர்களில் முக்கியமானவர்கள் மாணவர்கள், நம்ம ஊர்க் கணக்கில் காலேஜ் பசங்க. 1960 ஆகஸ்டில் ரயில் ஓடியது. இன்று பட்டறைகளில் நரைத்த தலைகள் அதிகம் என்பது உண்மைதான். அவர்களில் பலர் இளைஞர்களாக உள்ளே வந்து அங்கேயே நரைத்தவர்கள்.

இதில் எஞ்சினுக்குக் கிடைத்த புகழ் பெட்டிக்குக் கிடைக்கவில்லை. தென் வேல்ஸின் பேரி ஊரில் ஒரு காயலான் கடையில் நின்ற 213 நீராவி எஞ்சின்கள் மீட்கப்பட்ட கதையை ரயில் பைத்தியங்கள் எல்லோரும் சொல்வார்கள். எஞ்சின் இரும்பு, மழையில் நின்றாலும் எலும்புக்கூடு மிஞ்சும். மரப்பெட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரும்பைப் பிரித்தெடுக்க மரத்தைக் கொளுத்திவிடுவது காயலான் கடைகளின் வழக்கம். அப்புறம் எப்படி விக்டோரியா காலத்துப் பெட்டிகள் மிஞ்சின? ஏழைகள் காப்பாற்றினார்கள். ரயில் கம்பெனிகள் கழித்துக்கட்டிய பெட்டிகளைச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மலிவாக விற்றன. வாங்கியவர்கள் அவற்றில் குடியிருந்தார்கள், கோழி வளர்த்தார்கள். மேலே கூரை போட்டு, சுற்றிப் பலகை அடித்தார்கள். உள்ளே மரம் நனையாமல் பிழைத்தது.

இப்படிப்பட்ட பெட்டி ஒன்று பட்டறைக்கு வந்தால் என்ன வேலை நடக்கிறது என்று பாருங்கள். சக்கரம் கிடையாது, அடிச்சட்டம் கிடையாது. எங்கோ கிடைத்த ஒரு பழைய சரக்கு வேனின் அடிச்சட்டத்தை வெட்டி, அளவுக்கு நீட்டியோ குறுக்கியோ கொண்டுவர வேண்டும். தண்ணீர் தேங்கும் கீழ்ப்பக்கத்திலிருந்துதான் மரம் உளுக்கும். எனவே பெட்டியை முட்டுக்கொடுத்து நிறுத்தி, கெட்டுப்போன சட்டத்தை அறுத்தெடுத்து, அதே இடத்தில் புது மரத்தைத் துளையும் கழுந்துமாகச் செதுக்கிப் பொருத்த வேண்டும். கூரைக்குப் பலகை, அதன்மேல் கித்தான், அதன்மேல் நீர் புகாத பூச்சு. தேக்குப் பலகைக்கு உப்புத்தாள், வார்னிஷ், காய்ந்ததும் மறுபடி உப்புத்தாள், மறுபடி வார்னிஷ். இருக்கைக்குக் குதிரைமுடித் திணிப்பு. ஜன்னலை ஏற்றி இறக்கத் தோல்வார். ஒரே பெட்டிக்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடிப்பதும் உண்டு. வேலையைத் தொடங்கிய கை முடிக்காமல் போகலாம்.

'சரி, பாதி மரம் புதுசு என்றால் அது எப்படிப் பழைய பெட்டி?' இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் தத்துவம் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த காலத்திலும் அந்தப் பெட்டிக்கு மரம் மாற்றிக்கொண்டேதான் இருந்தார்கள். பழுதுபார்ப்பது அதன் வாழ்க்கையின் ஒரு பகுதி. என் தொழிலில் இது தினசரி அனுபவம். இருபது வருடமாக ஓடுகிற ஒரு மென்பொருளில் ஆரம்ப வரிகள் எத்தனை மிஞ்சியிருக்கும்? மிகக் கொஞ்சம். ஆனாலும் அது அதே மென்பொருள்தான், ஒரு வரியை ஏன் அப்படி எழுதினார்கள் என்று தெரிந்த ஆள் ஒருவர் குழுவில் இருக்கும்வரை. கடைசி ஆளும் போன பிறகு கோடு முழுசாக இருக்கும், தொட எல்லோருக்கும் பயமாக இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ரயில்பெட்டியின் நிலையும் அதுதான். மரமெல்லாம் பழசு, கழற்றி மாட்டத் தெரிந்தவர் யாருமில்லை. அந்தப் பட்டறைகளில் முன்னாள் ரயில்வே ஊழியரிடமிருந்து ஆசிரியரும் கணக்கரும் உளி பிடிக்கக் கற்றார்கள். இப்போது அவர்களிடமிருந்து அடுத்தவர்கள் கற்கிறார்கள். பெட்டி அந்தப் பாடத்துக்கான சாக்கு என்றுகூடச் சொல்வேன்.

இனி அந்தப் பாதி உண்மை. டாலிலின் பாதைக்குப் பணம் போட்டது மான்செஸ்டரின் பஞ்சாலை முதலாளிகளான மக்கானல் குடும்பம். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்றதும் அவர்கள் ஸ்லேட்டில் முதலீடு செய்தார்கள். அந்தப் பஞ்சு அடிமைகள் பறித்தது. வார்னிஷ் மினுங்கும் பெட்டிக்குள் உட்கார்ந்து கேக்கும் தேநீருமாக வேடிக்கை பார்க்கிறவருக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை என்பது அந்த ரயில்களின் குறைதான். இன்னொன்றும் உண்டு. 1963-இல் வந்த பீச்சிங் அறிக்கை இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்னது. சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓடிய பாதைகளை அரசு கைவிட்ட பிறகு, சில பாதைகளை மக்கள் சம்பளமில்லாமல் ஓட்டுகிறார்கள். இதைக் கொண்டாட்டமாக மட்டும் எழுதுகிறவர் ஏமாற்றுகிறார். நேரமும் வருமானமும் இருப்பவருக்குத்தான் தன்னார்வம் சாத்தியம்.

ஆனால் இதையே காரணம் காட்டி நாம் கையைக் கழுவ முடியுமா? நம் பக்கம் பாருங்கள். நீலகிரி மலை ரயிலுக்கு 2005-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. பல்சக்கரத்தைப் பல்தண்டவாளத்தில் கோத்து ஏறும் நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டிலும் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். எங்கே? திருச்சி பொன்மலைப் பணிமனையில். உலகத்தில் எத்தனை இடங்களில் இந்த வேலை தெரிந்த கைகள் இருக்கும்! ஊட்டி ரயிலில் செல்ஃபி எடுத்த நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தொழிலாளர்களில் ஒருவரைத் தெரியும்? பொன்மலை என்றால் வரலாறு தெரிந்தவர்களுக்கு 1928 வேலைநிறுத்தம் நினைவுக்கு வரும். ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் நடத்தியது. சிங்காரவேலர் சிறைக்குப் போனார். அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசுகிற நாமும் அந்தத் தொழிலாளர்களின் கையில் இருந்த வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்களைக் கூட்டமாக மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம்.

பிரிட்டனில் கணக்கர் உளி பிடிக்கிறார், இங்கே ஏன் பிடிப்பதில்லை? நேரமில்லை, இடமில்லை, ரயில்வே அனுமதிக்காது. எல்லாம் உண்மைதான். இவற்றுக்கு அடியில் நாம் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. மரம், இரும்பு, தோல் மூன்றையும் தொடுகிற கைகளுக்கு இங்கே சாதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. படிப்பு என்பதே அந்த வேலைகளிலிருந்து விலகும் வழியாக ஆகிவிட்டது. அதிலிருந்து மீண்டு வந்த குடும்பங்களை நான் குறைசொல்லவில்லை; அவர்களைத் திரும்பவும் உளி பிடிக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. என் கோபம், தலைமுறைகளாக உளியைத் தொடாமலே 'மரபு, பாரம்பரியம்' என்று எழுதுகிறவர்கள்மீது. முதலாண்டுப் பொறியியல் வொர்க்‌ஷாப் நினைவிருக்கிறதா? அரம் பிடித்து ஒரு இரும்புத் துண்டை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எத்தனை கல்லூரிகளில் அதை லேப் அண்ணன்தான் முடித்துக் கொடுப்பார்! மதிப்பெண் மாணவனுக்கு, வேலை அண்ணனுக்கு. இந்த ஏற்பாட்டில் படித்து வெளியே வந்த நாம் சிற்பத்தையும் தேரையும் பார்த்து முன்னோர் பெருமை பேசுகிறோம்.

சென்னை கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில் 1931-இல் தொடங்கி 2004-இல் நின்றது. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 1955 முதல் அறுபது வருடத்துக்கு மேல் கட்டப்பட்ட பழைய வடிவப் பெட்டியின் உற்பத்தி 2018-இல் முடிந்தது. அவற்றைக் கட்டியவர்களும் பழுதுபார்த்தவர்களும் பெரம்பூரிலும் அயனாவரத்திலும் வில்லிவாக்கத்திலும் இப்போதும் குடியிருக்கிறார்கள். வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டும் இருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஓய்வுபெற்ற பணிமனைத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து, ஆசிரியர்களாக உட்காரவைத்து, அருங்காட்சியகத்தில் வெயிலில் நிற்கிற ஒரே ஒரு பெட்டியை அவர்களிடம் ஒப்படைக்கட்டும். சனிக்கிழமைகளில் கதவைத் திறந்து வைக்கட்டும். நாம் போவோம். துடைப்பத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் அதிலிருந்தே ஆரம்பிப்போம். ரயில்வே மறுத்தால், குறைந்தபட்சம் அந்தத் தெருக்களுக்குப் போய், ஒரு பெரியவரிடம் 'ஐயா, இந்தக் கதவை எப்படி மாட்டுவீங்க?' என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே பதிவுசெய்து வைப்போம். அதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை.