கருவேல இலையில் ஒரு காவடிப்புழு



மழைக்கால இரவுகளில் பூவம் ஊர்த் திண்ணை விளக்கைச் சுற்றும் பூச்சிகளைச் சற்று நின்று பாருங்கள். சிறகை மடிக்காமல், சுவரோடு சுவராக விரித்து ஒட்டிக்கொள்ளும் சாம்பல் நிறச் சின்ன அந்துப்பூச்சிகள் அவற்றில் இருக்கும். ஜியோமெட்ரிட் குடும்பம் அது. உலகில் ஏறத்தாழ 23,000 இனங்கள். புழுப் பருவத்தில் முன்னே மூன்று ஜோடிக் கால்கள், பின்னே பெரும்பாலும் இரண்டே ஜோடி, நடுவில் ஒன்றுமில்லை. வேறு வழியின்றி உடம்பைக் காவடியாக வளைத்து வளைத்து நகரும். (ஆமணக்கில் வரும் காவடிப்புழு வேறு குடும்பம், நடைதான் ஒன்றுபோல.)

இவற்றில் இஸ்டுர்ஜியா டிஸ்புடேரியா என்ற சிற்றினத்துக்குக் கருவேல இலைதான் சாப்பாடு. அதை இங்கே யார் கவனித்தார்கள்? ஆஸ்திரேலியர்களுக்கோ தேவை இருந்தது. நிழலுக்கும் ஆட்டுத் தீவனத்துக்கும் என்று குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோன நம் கருவேலம், அங்கே 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவிவிட்டது. சீமைக்கருவேலம் நமக்குச் செய்ததை நம் கருவேலம் அவர்களுக்குச் செய்திருக்கிறது! சொந்த ஊரில் அதைத் தின்று அடக்கிவைப்பது யார் என்று தேடி, 2008 முதல் 2011 வரை கோவை வன மரபியல் நிறுவனத்தாருடன் சேர்ந்து தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கருவேல மரங்களைச் சோதித்தார்கள். அதற்கு முன்பே கியாஸ்மியா அசிமிலிஸ் என்ற ஆப்பிரிக்க உறவுக்காரப் பூச்சியை ஆஸ்திரேலியாவில் விட்டும் பார்த்திருந்தார்கள். கடற்கரைப் பக்கம் பிழைத்துக்கொண்டது. மரம் அதிகம் மண்டிய வறண்ட உள்நாட்டில் நிலைக்கவில்லை.

நம் பூச்சிகளைப் பிறர் வந்து பார்த்துப் பெயரிடுவது புதிதல்ல. பூவத்துக்கு வடக்கே தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் மாணவர். அவர் சேகரித்தனுப்பிய பூச்சிகளுக்கு ஐரோப்பாவில் இருந்தபடியே பெயர் வைத்தவர் ஃபாப்ரிசியஸ். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஜார்ஜ் ஹாம்ப்சன், இந்திய அந்துப்பூச்சிகளுக்கு 1892–96இல் நான்கு தொகுதிகள் எழுதினார். இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிற நூல் அது.

இப்போது கையில் கேமரா இல்லாதவர் யார்? ஜூலைக் கடைசியில் அந்துப்பூச்சி வாரம் வருகிறது. கொல்லைப்புறத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன்மேல் விளக்கு வெளிச்சம் விழச் செய்யுங்கள். வருகிற பூச்சிகளைப் படமெடுத்து, ஊர், தேதி, பக்கத்தில் நின்ற மரம் எது என்ற குறிப்போடு எங்களுக்கு அனுப்புங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்