கற்றோர் கணக்குக் காட்டுக!

உழவன் விளைத்த நெல்லை ஊர் காண்கின்றது. தச்சன் செய்த வண்டியைத் தெரு காண்கின்றது. நெய்தவன் கைத்திறனை உடுத்தவர் மெய் அறிகின்றது. ஆயின், இம்மூவர்தம் வரிப்பணத்தால் எழுந்த பல்கலைக்கழகத்தினுள், ஆய்வுக்கூடத்தின் அடைத்த கதவுகளுக்கு அப்பால், என்ன விளைகின்றது என்பதை ஊர் அறிவதுண்டா? அறிவிக்க வேண்டும் என்னும் எண்ணமேனும் கற்றோர்க்கு உண்டா? தாம் பெற்ற அறிவின் கணக்கை, அதற்குச் செலவழித்த மக்கள்முன், அம்மக்கள் மொழியிலேயே வைத்தல் கற்றோர் செய்யும் ஈகையன்று, அவர்தம் கடன்!

இக்கடனைச் சட்டமாகவே எழுதிவைத்த நாடொன்று உண்டு. அது சின்னஞ்சிறு அயர்லாந்து. உலகப்போர் ஐரோப்பாவை எரித்துக்கொண்டிருந்த 1940-ஆம் ஆண்டில், அந்நாட்டின் தலைமையமைச்சரும் முன்னாள் கணக்காசிரியருமான ஈமன் தி வலேரா, தப்ளின் நகரில் உயராய்வு நிறுவனமொன்றைச் சட்டத்தின்வழி நிறுவினார். தொடக்கத்தில் அதன்கண் அமைந்த பள்ளிகள் இரண்டே. ஒன்று கெல்திய மொழியாய்வுப் பள்ளி; மற்றொன்று கோட்பாட்டு இயற்பியற் பள்ளி. பழஞ்சுவடியும் புதுக்கணக்கும் ஒரே நிறுவனத்தின் இரு கண்கள்! அங்குள்ள அறிஞர் பொதுமக்கட்குப் பொழிவாற்றுதல் வேண்டும் என்பதும் அந்நிறுவனத்தின் நெறியாயிற்று.

இயற்பியற் பள்ளிக்குத் தலைமையேற்றவர் எர்வின் சுரோடிங்கர். 1933-இல் நோபல் பரிசு பெற்றவர். ஆத்திரியாவை இட்லர் விழுங்கிய 1938-இல் பதவி பறிக்கப்பெற்று, 1939-இல் தப்ளினுக்கு வந்து சேர்ந்தவர். 1943 பிப்பிரவரித் திங்களில், தப்ளின் திரித்துவக் கல்லூரியில் அவர் பொதுப்பொழிவு ஆற்றினார். இயற்பியல் அறிஞராகிய அவர் எடுத்துக்கொண்ட பொருளோ, ‘உயிர் என்பது யாது?’ என்பது. தம் துறையின் வேலியைத் தாண்டி உயிரியலின் வயலுள் இறங்கினார். பொருள் கடினமானது என்பதை முதலிலேயே எச்சரித்தார். அவ்வாறிருந்தும் ஏறத்தாழ 400 பேர் வந்தனர். எச்சரிக்கை கேட்டு எழுந்து போய்விடவுமில்லை. தலைமையமைச்சரும் கேட்போருள் ஒருவராய் அமர்ந்திருந்தார்.

அவர் எழுப்பிய வினாவின் நுட்பத்தைத் தமிழர் அறிதல் நன்று. முப்பாட்டன் மூக்கு கொள்ளுப்பேரன் முகத்தில் வந்து அமர்கின்றதே, அஃது எங்ஙனம்? அச்செய்தியைச் சுமந்து வருவது கண்ணுக்கெட்டாச் சிறு மரபணு. அதிலுள்ள அணுக்களின் தொகையோ மிகக் குறைவு. வெப்பத்தால் ஓயாது அலைக்கழிவுறுவது அணுக்களின் இயல்பு. அங்ஙனமிருக்க, அவ்வளவு சிறியதொன்று தலைமுறை தலைமுறையாய்க் குலையாது நிற்பது எவ்வாறு?

அவர் கண்ட விடை இது: உப்பிலும் கற்கண்டிலும் ஒரே அடுக்கே மீண்டும் மீண்டும் வரும், புள்ளிக்கோலம் போல. மரபணுவின் அடுக்கு அத்தகையதன்று. அஃது ஓலையில் எழுதிய எழுத்துவரிசை போன்றது. எழுத்துகள் சிலவே; அவை நிற்கும் முறை மாறுந்தோறும் பொருள் மாறும். சில எழுத்துகளால் ஒரு மொழியின் நூல்களனைத்தையும் எழுதலாகும் அன்றோ? அவ்வாறே சில உறுப்புகளின் வரிசையால் ஓர் உயிரின் திட்டம் முழுவதும் எழுதப்பட்டிருக்கலாம் என்றார்.

1944-இல் அப்பொழிவு நூலாயிற்று. அதனைப் படித்த இளைஞர் பலர் உயிரின் எழுத்தைத் தேடிப் புறப்பட்டனர். 1953-இல் மரபுப்பொருளின் இரட்டைச்சுருள் வடிவை வெளியிட்ட கிரிக்கு, அவ்வாண்டு ஆகத்து 12-ஆம் நாள் சுரோடிங்கருக்கு மடல் விடுத்து, தாமும் வாட்சனும் அந்நூலால் தூண்டப்பெற்றமையைத் தெரிவித்தார். அக்கண்டுபிடிப்புக்கு ஊடுகதிர்ப் படங்களால் துணைநின்ற வில்கின்சும் அந்நூலால் ஈர்க்கப்பட்டவரே. ஊர்மக்கள்முன் பேசிய பேச்சு உலக அறிவியலின் போக்கையே திருப்பிற்று!

சுரோடிங்கர் கூறியவற்றுள் சில, பிறர் முன்னரே கண்டவை. சில பின்னர்த் திருத்தப்பட்டவை. அவர்தம் தனிவாழ்வின் இழிசெயல்கள் வெளிப்பட்டமையால், திரித்துவக் கல்லூரியின் இயற்பியற் கூடம் ஒன்றுக்கு இடப்பட்டிருந்த அவர் பெயரை 2022-இல் நீக்கவும் செய்தனர். அது தக்கதே. ஈண்டுப் போற்றப்படுவது ஆளன்று. மக்கள்முன் அறிவை வைக்கும் மரபு. பெயர் நீங்கினும் மரபு நீங்கலாகாது.

இனி, அப்பொழிவு எம்மொழியில் அமைந்தது என்பதையும் நோக்குவோம். 1937-ஆம் ஆண்டு அரசமைப்பின்படி அயர்லாந்தின் முதல் ஆட்சிமொழி ஐரிசு. ஆயின், பொழிவு நிகழ்ந்தது ஆங்கிலத்தில். இதற்குப் பொழிந்தவரைக் குறைகூறிப் பயனில்லை. தப்ளின் மக்களின் வாய்மொழி அதற்கு நெடுநாள் முன்னரே ஆங்கிலமாகிவிட்டது. 1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சம் ஐரிசு பேசிய ஏழை உழவர்களைக் கொன்றும் கடல்கடத்தியும் குறைத்தது. பள்ளிகள் ஆங்கிலத்தையே ஊட்டின. பிழைப்பும் ஆங்கிலத்தின் பக்கமே நின்றது. ஆகவே மக்கட்கு விளங்கும் மொழியில் பேச வேண்டிய அறிஞர், இழந்த மொழியில் பேசவியலாது, எஞ்சிய மொழியில் பேசினார். பழஞ்சுவடிகளை ஆராயத் தனிப்பள்ளி கண்ட நாட்டிலேயே, புத்தறிவு அம்மொழியின் நாவில் ஏறவில்லை!

தமிழ்நாட்டின் நிலை அத்தகையதா? இல்லையே! இங்கு மக்கள் மொழி இன்றும் தமிழே. சந்தையிலும் கழனியிலும் பட்டறையிலும் தமிழே ஒலிக்கின்றது. அங்ஙனமிருந்தும் இங்குள்ள பல்கலைக்கழக இயற்பியல் துறைகளின் பொழிவும் அழைப்பிதழும் பெரும்பாலும் ஆங்கிலமாகவே உள்ளன. மொழியை இழந்தவர் வேறுவழியின்றிச் செய்ததை, இழவாத தமிழர் வலிந்து செய்கின்றனர். வீட்டில் விளக்கிருக்க, அதனை ஏற்றாது இருளிற் கிடப்பதினும் பேதைமை வேறுண்டோ?

‘மக்கட்கு விளங்காது’ என்பர் சிலர். தப்ளினில் அமர்ந்திருந்த நானூற்றுவர் அவர்க்கு விடையாவர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக இயற்பியல் துறை 1995 முதல் காரிக்கிழமைக் காலைகளில் பொதுமக்கட்குக் கட்டணமின்றி நடத்திவரும் பொழிவுகளும் விடையாகும். அங்கு இயற்பியலோடு நில்லாது பிற அறிவியல் துறைகளும் பேசப்படுகின்றன. பேசுவது அம்மக்கள் மொழியில்.

‘தமிழில் சொல் இல்லை’ என்பர் வேறு சிலர். ஐன்சுட்டைனோடு இணைத்துப் பேசப்படும் சத்தியேந்திரநாத் போசு, 1948-இல் கல்கத்தாவில் வங்க அறிவியற் கழகத்தை நிறுவி, தம் தாய்மொழியிலேயே அறிவியல் இதழ் வெளிவரச் செய்தார். இயற்பியலின் உச்சியில் நின்றவர்க்குத் தாய்மொழி தாழ்வாகத் தோன்றவில்லை. தமிழுக்கோ அதனினும் முற்பட்ட சான்று உண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன், தமிழ் கற்று, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் வெளிக்கொணர்ந்தார். அயலவர்க்குக் கிடைத்த சொல், தமிழ் மண்ணில் பிறந்த பேராசிரியர்க்குக் கிடையாமற் போனது ஏன்? சொல்லிலா இல்லை குறை? நெஞ்சில்!

1980 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் ஊரூராய்ச் சென்று தமிழில் அறிவியல் பரப்பி வருகின்றனர். அதனைப் பாராட்டுக! ஆயின், தொண்டர் தோள்மேற் பளுவை ஏற்றிவிட்டு, சம்பளம் பெறுவோர் வாளா இருத்தல் முறையாகுமா?

பழியனைத்தையும் இயற்பியலார் தலையிற் சுமத்துவதும் நேர்மையன்று. தமிழ்ப் புலவர்க்கும் இதிற் பங்குண்டு. தமிழின் தொன்மையை மேடைதோறும் முழங்குவோருள், அடுத்த கட்டடத்து ஆய்வுக்கூடத்தில் நிகழ்வது யாதென ஒருநாளேனும் எட்டிப்பார்த்தவர் எத்துணைப் பேர்? தொன்மை ஒரு மொழிக்குப் பெருமை தரும். உயிர் தருவது அன்றாடப் புத்தறிவே. மொழிப்பள்ளியும் இயற்பியற் பள்ளியும் ஒரு நிறுவனத்தில் இருந்தும், ஒன்றன் சொல் மற்றதன் வாயிற் புகாவிடில் விளையும் கேட்டுக்கு அயர்லாந்தே கண்கூடான சான்று.

ஆகலின், தமிழ்மக்கள் கேட்க வேண்டுவன மூன்று. திங்களுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு பல்கலைக்கழக இயற்பியல் துறையும் தன் கூடத்தைப் பொதுமக்கட்குத் திறந்துவைத்து, உயிரியலும் மண்ணியலும் வானியலும் மருத்துவமும் உட்படப் பல்துறை அறிஞரைத் தமிழிற் பேசச் செய்தல் வேண்டும். அவ்வுரைகளைச் சிறுநூல்களாக்கிக் குறைந்த விலையில் ஊர் நூலகங்கட்கு அனுப்புதல் வேண்டும். தமிழில் ஆற்றிய பொழிவையும், ஆய்வுக் கட்டுரையோடு ஒப்ப, ஆசிரியரின் பணிக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டா, பெரும்பொருள் வேண்டா. கூடம் இருக்கின்றது, அறிஞர் இருக்கின்றனர், மொழி இருக்கின்றது. இல்லாதது மனம் ஒன்றே!

கூடம் திறக்குமாயின், முன்வரிசையிற் சென்று அமரவேண்டிய கடன் தமிழர்க்கு உண்டு. விளங்காதவிடத்து எழுந்து வினவுக! உழவன் மகளும் தச்சன் மகனும் தாய்மொழியில் கேட்கும் வினாவொன்று, நாளை உலகின் கண்ணைத் திறக்கலாகும். அவ்வினா பிறக்கவேனும், கற்றோர் கதவைத் திறக்க, கணக்கைக் காட்டுக, தமிழிற் காட்டுக!