உராய்வுன்னு எழுதாதீங்க

ஒவ்வொரு வெடி விபத்துக்கும் மறுநாள் பேப்பரில் ஒரே வரிதான். 'மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது.' உராய்வுக்கு அப்பன் ஆத்தா கிடையாதா? எதோடு எது உராய்ந்தது, அதைச் சரிபண்ணாமல் விட்டது யாரு? எவனும் கேட்பதில்லை. கடைசியில் குற்றவாளி, செத்துப்போன கைதான்.

திருத்தங்கல்லில் எங்க அத்தை ரொம்ப வருசம் மணிமருந்து ரூமில் வேலை பார்த்தாள். தரையில் விரிக்கிற ரப்பர் பாய் கிழிஞ்சு, அடியில் சிமெண்ட் பேர்ந்து மணல் நெருநெருன்னு வந்துகொண்டிருந்தது. "அண்ணாச்சி, பாய மாத்திக் குடுங்க, மருந்தோட மண்ணு சேருது" என்று மூணு தடவை சொன்னாள். தன் மகன் வயசுப் போர்மேனைத்தான் அண்ணாச்சி என்கிறாள். "நீ பதனமா உக்காந்து வேலயப் பாரு. பாய் வாங்கவா உன்னய வச்சிருக்கு?" என்றான் அவன். அத்தை வீட்டிலிருந்து பழைய நூல் சேலையைக் கொண்டுபோய் மடிச்சுப் போட்டுக்கொண்டாள். முதலாளி சொத்துக்கு மராமத்து, எங்க அத்தை சேலை.

வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். இதைக் கலந்து சலிக்கிற இடத்தில் மணல் போதும், இரும்புக் கரண்டி போதும், நைலான் துணியில் பிறக்கிற சின்னப் பொறி போதும். மிஞ்சின மருந்தை ராத்திரி ரூமிலேயே விட்டால் ஈரம் பட்டுத் தானே சூடேறும். அதனால்தான் மிச்சத்தை அன்றன்றே அழிக்கணும், பாய் கிழியக் கூடாது, இடிதாங்கிக் கம்பி அறுபடக் கூடாது. இது ரகசியமா? எங்க தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் இது மனப்பாடம்.

பராமரிக்கத் தெரியாதவர்களும் அல்ல இவர்கள். சிவகாசி அச்சகத்துக்குள் போய் ஹைடல்பர்க் மிசினைப் பாருங்க. தினமும் துடைப்பு, எண்ணெய், லேசாய்ச் சத்தம் மாறினால் மெக்கானிக். அது காசு போட்டு வாங்கினது. மருந்து ரூமில் தேய்கிற உடம்பை யாரும் காசு போட்டு வாங்கவில்லையே!

சட்டம் பேசாமல் இல்லை. போபாலில் சனம் செத்த பிறகு, 1987-இல், தொழிற்சாலைச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆலையையும் கருவிகளையும் ஆபத்தில்லாமல் வைத்துப் பராமரிப்பது நடத்துகிறவன் கடமை என்றது அது. அந்த நடத்துகிறவன் யாரு என்பதில்தான் சூது. உரிமம் ஒருத்தன் பேரில். ரூம் ரூமாகக் குத்தகைக்கு எடுப்பவன் வேறொருத்தன். உள்குத்தகை இன்னொருத்தனுக்கு. சீசனுக்கு வந்தவன் பாய்க்கு ஏன் செலவழிக்கப் போகிறான்? வாடகை வாங்குகிறவன் ஏன் எட்டிப் பார்க்கப் போகிறான்? 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கருகிய பிறகுதான், ஒரே ஆலையைப் பல பேருக்குப் பிரித்து விட்டிருந்த கதை வெளியே வந்தது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர். அது உரிமம் நிறுத்தி வைக்கப்பட்ட ஆலை. அதற்கெல்லாம் முன்னால் 1991-லேயே, சிவகாசிப் பக்கம் 39 பேர் செத்தபோது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. கோர்ட்டுக்குத் தெரியும், கலெக்டர் ஆபீசுக்குத் தெரியும். பாய் மட்டும் கிழிஞ்சபடி கிடக்கு.

மருந்து ரூமில் எல்லாச் சாதி ஏழையும் இருக்கிறான், மறுக்கவில்லை. ஆனால் உரிமத்தில், குத்தகைப் பத்திரத்தில், பில் போடுகிற மேசையில் நம்ம சனங்க பேரு எத்தனை? எண்ணிச் சொல்லுங்க. ஆயுத பூசைக்குச் சல்லடைக்குச் சந்தனம் வைக்கச் சொல்வார்கள். அந்தச் சல்லடை பீறலை அத்தைதான் நூல் போட்டுத் தச்சு வச்சிருந்தாள்.

நிருபர் தோழரே, அடுத்த தடவை உராய்வு என்று எழுதுவதற்கு முன்னால் அந்த ரூமுக்குக் கடைசியாகப் பாய் வாங்கின பில்லைக் கேளுங்க. யார் பேரில் இருக்கு, என்ன தேதி என்று அதையும் சேர்த்துப் போடுங்க. பில்லே இல்லைன்னா, இல்லைன்னு போடுங்க.