மடி ஒரு சீட் இல்லைங்க

போன மாசம் அக்கா பையனுக்குச் சமயபுரத்தில் மொட்டை, காதுகுத்து. நல்லூரில் இருந்து ஒரே காரில் எட்டுப் பேர் கிளம்பினோம். பையனுக்கு ரெண்டு வயசு. முன் சீட்டில் அக்கா மடியில் நின்னுக்கிட்டே வேடிக்கை பார்த்துட்டு வந்தான். வேப்பூர் வர்றதுக்குள்ள ஒரு ஆடு குறுக்கே ஓட, மாமா பிரேக் அடிச்சார். பையன் நெற்றி டேஷ்போர்டில் இடிச்சு லேசா புடைச்சுது, அவ்வளவுதான். "சாமி காப்பாத்துச்சு"ன்னு ஆயா விபூதி பூசினாங்க. அடுத்த நிமிஷமே அவன் மறுபடி அதே மடியில். ஹைவே ஏறிட்டோம்.

நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர். இந்தக் கணக்கை எக்ஸாமில் எழுதி மார்க் வாங்கினவன். குழந்தை பத்து கிலோன்னே வைங்க. கார் 50 கிலோமீட்டர் வேகம், அதாவது நொடிக்குச் சுமார் 14 மீட்டர். எதிலாவது மோதி 0.1 நொடியில் நின்னா, குழந்தையைப் பிடிச்சு நிறுத்த 1400 நியூட்டன் விசை வேணும். 140 கிலோ எடைக்குச் சமம். நிறைஞ்ச கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. நாலு சிலிண்டருக்கு மேல் அக்கா கையால் பிடிக்கணும், அதுவும் தயாராகவே நேரம் இல்லாம. அக்கா பெல்ட் போடலைன்னா இன்னும் மோசம். அவங்க உடம்பே குழந்தையை டேஷ்போர்டோடு நசுக்கும். ஏர்பேக் இருக்கேன்னு சொல்லாதீங்க. பெரியவங்க உடம்புக்காகச் செஞ்சது அது. கண் இமைக்கிறதுக்குள்ள விரிஞ்சு நேரா குழந்தை முகத்தில்தான் அடிக்கும்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வாங்கினா, நாலு சுத்து பேப்பர் சுத்தி, துணிக்கு நடுவில வச்சு எடுத்துட்டு வர்ற ஆளுங்கதான் நாம.

சட்டம் இல்லாம இல்லை. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 194பி பிரிவு இருக்கு. 14 வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாம ஓட்டினா 1000 ரூபாய் அபராதம். எங்க ரோட்டில் ஹெல்மெட்டுக்கு வண்டியை மறிக்கிறதைப் பார்த்திருக்கேன், இதுக்கு யாரும் மறிச்சுப் பார்த்ததில்லை.

சைல்டு சீட் சில ஆயிரம் ரூபாய் ஆகும். காதுகுத்துக்கு நாங்க அடிச்ச ஃப்ளெக்ஸ் செலவைச் சொன்னா வீட்டில் அடி விழும், விடுங்க. உண்மையான சிக்கல் காசு இல்லை, இடம். குழந்தைக்கு ஒரு சீட் கொடுத்தா ஒரு பெரியவர் இறங்கணும். எட்டுப் பேர் ஏறின காரில் யார் இறங்குறது? என் கருத்தில், அன்னைக்கு முதல்ல நான்தான் இறங்கி பஸ் ஏறியிருக்கணும். கணக்கு தெரிஞ்சும் பின் சீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சீட் வாங்குற வரைக்குமாவது குழந்தையை முன் சீட்டில் வைக்காதீங்க. ஒரே பெல்ட்டை உங்களுக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் போடாதீங்க.

நானும் தம்பியும் பாதிப் பாதி போட்டு சீட் வாங்கறதா அக்காகிட்ட சொல்லிட்டேன். "கட்டிப் போட்டா அழுவாண்டா"ங்கறாங்க. மாமா சிரிச்சுட்டு விட்டுட்டார். ஆயாதான் ஒத்துக்கவே இல்லை. "பெத்தவ மடியில இல்லாம புள்ளைய வேற எங்கடா வைக்கிறது?"ன்னு கேட்டாங்க. 1400 நியூட்டனை அவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.