ஆமை இல்லாத காடு

காட்டைச் சும்மா விட்டாலே தானாக வளர்ந்துவிடும் என்பார்கள். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் இது பாதிதான் உண்மை. பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை கக்கிய குழம்பு ஆறிப் பாறையானதும் முதலில் லைக்கன் படர்கிறது, பிறகு பெரணி, அப்புறம் சின்ன விதை கொண்ட மரங்கள். பெரிய சதைக்கனி காய்க்கும் மழைக்காட்டு மரங்களோ புதிய பாறைமேல் ஏறுவதே அரிது. அந்தக் கனிகளைத் தின்று விதைகளைச் சுமந்து திரிந்த ராட்சத ஆமை 19ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துவிட்டது. பழந்தின்னி வௌவால் கூட்டங்களும் போயின. காலியான இடத்தில் பிரேசிலிலிருந்து வந்த ஸ்ட்ராபெர்ரி கொய்யா புகுந்துகொண்டது. தீவுக்காரர்களுக்கு அந்தப் பழம் என்றால் உயிர், அதற்கு விழாவே எடுக்கிறார்கள். தின்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அழிவிலிருந்து மேட்டுநிலக் காடுகள் ஓரளவு தப்பின. மேற்குச் சரிவின் வறண்ட காட்டில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. தீவின் மலைமுகடுகளும் பள்ளத்தாக்குகளும் 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது நல்லதுதான். ஆனால் வேலி போட்டுக் காவல் காத்தால் மட்டும் போதாது. ஆமை பார்த்த வேலையை இனி மனிதர்தான் பார்க்க வேண்டும்: விதை பொறுக்கி, நாற்று வளர்த்து, பாறை இடுக்கில் நட வேண்டும்.