அப்பாவின் கடைக்கு ஷட்டர் இருந்தது

மன அமைதிப் பயிற்சிக்கு வரச் சொல்லி மறுபடியும் ஒரு மெயில். வந்த நேரம் இரவு பதினொன்றேகால். எனக்கு யாரும் அமைதி சொல்லித் தர வேண்டாம் சார். பதினொன்றேகாலுக்கு மெயில் அனுப்பாமல் இருந்தால் போதும்.

ஒரே சங்கதி எத்தனை வழியாக வருகிறது! மெயிலில் வரும். அதையே டீம்ஸில் போடுவார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் வரும். பிறகு போன்: "மெயில் பாத்தியாம்மா?" நூறில் ஒன்றுதான் எனக்கானது. அது எது என்று தெரிய நூறையும் படித்தாக வேண்டும். அந்தப் படிப்புக்கு டைம்ஷீட்டில் கட்டம் கிடையாது. ஏழு மணிக்கு மேல் சத்தம் அடங்கிய பிறகுதான் என் வேலையையே தொடுகிறேன். அடையாறு ஆபீஸிலிருந்து மயிலாப்பூர் வந்து, சாப்பிட்ட கையோடு மறுபடி லேப்டாப். யாரோ யாருக்கோ எழுதிய பதிலின் அடியில் ஒரு தேதி மாறியிருந்ததாம். "மெயில்ல இருக்கே, படிக்கிறதே இல்லையா?" என்று அத்தனை பேர் எதிரில் கேட்டார்கள். படிக்கிறேன் சார். படிப்பதைத் தவிர வேறு எதையும் செய்ய விட்டீர்களா?

அப்பா உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை சேல்ஸ்மேன். நாள் முழுக்க நின்றே துணி பிரித்துப் போட்டார். முழங்காலுக்குக் கீழே நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021-இல்தான். அதற்குள் அப்பா வேலையை விட்டுவிட்டார். அவருக்கு நடந்தது பெரிய அநியாயம். ஆனாலும் ஷட்டர் இறங்கிய பிறகு கடை அவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்ததில்லை. தீபாவளி சீசனில் நடுராத்திரி வந்து படுத்தாலும் தூங்குவார். எனக்கு அறுபத்துமூவர் திருவிழா அன்றுகூட விடுதலை இல்லை. வடக்கு மாட வீதியில் நாயன்மார்கள் பல்லக்கில் போகிறார்கள், நான் ஒரு கடைப்படியில் லேப்டாப்பை மடியில் வைத்து எக்செல் திருத்துகிறேன். "ஒரு நிமிஷம் நிமிந்து பாருடி" என்று அம்மா கெஞ்சினாள். போன் அதிராதபோதும் அதிர்கிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்கிறது. லஸ்ஸில் டாக்டர் பி.பி. பார்த்துவிட்டு என் வயதை இரண்டாம் முறை கேட்டார்.

எனக்கு மனவலிமை போதவில்லை என்கிறது எச்.ஆர். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது வேறு: இந்தச் சோர்வு, சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு. பணியிட அழுத்தம் சார், என் குணக்கேடு அல்ல.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று வரையறுத்தது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. கேட்டேன். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, நீங்கள் அசிஸ்டென்ட் மேனேஜர் என்றார்கள். எனக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. நான் யாரை நிர்வகிக்கிறேன்?

2024-இல் புனேயில் 26 வயதுக் கணக்காய்வாளர் ஒருத்தி, வேலையில் சேர்ந்த நான்கே மாதத்தில் இறந்துபோனாள். வேலைச்சுமை மகளை எப்படி வாட்டியது என்று அவள் அம்மா நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதத்தை நாடே படித்தது. அடுத்த ஜனவரியிலேயே எல் அண்ட் டி தலைவர் வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பேசிய வீடியோ வெளியானது. அந்தத் தாயின் கடிதத்துக்கு அவ்வளவுதானா ஆயுள்?

வேலை நேரத்துக்குப் பின் வரும் நியாயமற்ற அழைப்புகளைப் புறக்கணிக்கும் உரிமையை ஆஸ்திரேலியா 2024-இல் சட்டமாக்கியது. நம் மக்களவையில் அதே உரிமைக்காக சுப்ரியா சுலே 2018-இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. சட்டம் வரும்வரை என் கணக்கை நானே வைக்கிறேன். இனி ராத்திரி வரும் ஒவ்வொரு மெயிலையும் படிக்க ஆகும் நேரத்தை டைம்ஷீட்டில் எழுதுவேன். கட்டம் இல்லையென்றால் கட்டம் போடுங்கள். இரட்டைக் கூலி கொடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் அனுப்பாதீர்கள்.